முதல் மரக்கப்பல் கிட் எது எடுக்கலாம்? மூணு பாய்மர போர்க்கப்பலா, ஒத்தை பாய்மர படகா, இல்ல கிட்டே வேண்டாமா?

நம்ம கொங்குப் பக்கம் கடல் இல்லீங்க, காவிரில பரிசல் தான் இருக்குது, ஆனாலும் பாய்மரக் கப்பல் மாடல் செய்யற ஆசை வர்றதுக்கு கடலோரத்துல பொறந்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. பம்ப் கம்பெனில இருந்து ரிட்டையர் ஆன கோயமுத்தூர் அண்ணன், திருப்பூர்ல மெர்சண்டைசிங் பாக்குற தம்பி, ஈரோட்டுல டீச்சரா இருக்கற அக்கான்னு என்கிட்ட கேட்ட எல்லாருக்கும் மொத கேள்வி ஒண்ணேதான், எந்த கிட், அதாவது பாகமும் பிளானும் சேந்து வர்ற பெட்டி, எடுக்கறதுங்க? கேக்கறப்பவே போன்ல ஒரு போட்டோ காட்டுவாங்க, பெரும்பாலும் அது ஹெச்எம்எஸ் விக்டரிங்கற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலா இருக்கும், மூணு பாய்மரம், மூணு அடுக்கு பீரங்கி, பாத்தா கண்ணை எடுக்கவே முடியாது.

என் பதிலை மொதல்லயே சொல்லிடறேன். மொத கப்பல் ஒத்தை பாய்மரமா இருக்கட்டும், ஸ்கேல் பெருசா இருக்கட்டும் (1:24ன்னா நெஜ கப்பல்ல 24ல ஒரு பங்கு, 1:100ன்னா நூறுல ஒரு பங்கு), கிட்டுக்கு குடுக்கற காசு பிளானுக்கும் உள்ள வெட்டி வெச்சிருக்கற சட்டங்களுக்கும் தான் போகணும், பெட்டில வர்ற மரப்பட்டியும் நூலும் சுமாரா இருந்தா பரவால்ல, அது ரெண்டும் நம்ம ஊர்லயே அதைவிட நல்லதா கெடைக்குது. ஏன் இப்படி சொல்றேன்னா அதுக்கு கப்பல் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சாகணும், அது தெரியாம பெட்டி மேல இருக்கற படத்தை மட்டும் பாத்து எடுத்தா தப்பான கப்பல் தான் வீட்டுக்கு வரும்.

இப்ப விக்கற கிட்ல முக்காவாசி பிளாங்க் ஆன் பல்க்ஹெட் முறை. நீளவாக்குல நடுவுல முதுகெலும்பு மாதிரி கீல், அதுல வெட்டி வெச்ச காடியில குறுக்க குறுக்க பிளைவுட் சட்டம் நிக்கும், அதைத்தான் பல்க்ஹெட்னு சொல்றாங்க, ஒவ்வொரு சட்டமும் அந்தந்த எடத்துல கப்பலோட குறுக்குவெட்டு உருவம். அதுக்கு மேல நீள நீளமா மரப்பட்டி ஒட்டிட்டே போனா கப்பல் உடம்பு வந்துரும். நம்ம மரக்கடைல ரீப்பர்னு கேட்டு வாங்குவோம்ல, அதோட சின்ன உருவம்னு வெச்சுக்கோங்க, அஞ்சாறு மில்லி அகலம், ஒன்றரை ரெண்டு மில்லி கனம். உடம்பு முடிஞ்சா டெக், டெக் மேல சாமான், பாய்மரம், கடைசியா கயிறு வேலை. பாதில நின்னு அட்டாலிக்கு போற கப்பல் எல்லாம் பெரும்பாலும் ரெண்டே எடத்துல தான் நிக்கும், ஒண்ணு மூக்குப் பக்கம் பட்டி வளைக்கற எடம், இன்னொண்ணு ஏணி மாதிரி கயிறு முடியற எடம். அதனால எந்த கிட்டை எதுகூட ஒப்பிட்டாலும் இந்த ரெண்டு எடமும் அதுல எப்படி இருக்குதுன்னு தான் நான் பாப்பேன், பீரங்கி எத்தனைன்னு பாக்க மாட்டேன்.

மூக்குப் பக்கத்தை சித்த விரிவா சொல்லணும், ஏன்னா இதுல தான் விஷயமே இருக்குது. சட்டம் எல்லாம் ஒட்டுனதும் உடனே பட்டி ஒட்ட ஓடக்கூடாது, ஒவ்வொரு சட்டத்தோட ஓரத்தையும் கப்பல் வளையற கோணத்துக்கு ஏத்த மாதிரி உப்புத்தாள்ல சரிச்சு தேய்க்கணும், இதுக்கு ஃபேரிங்னு பேரு. நடுவுல இருக்கற சட்டத்துக்கு கோணம் கிட்டத்தட்ட இருக்காது, மூக்குக்கும் பின்பக்கத்துக்கும் போகப்போக எச்சாகும். தேய்ச்சது போதுமான்னு பாக்க ஒரு பட்டியை எடுத்து மூணு நாலு சட்டத்துக்கு மேல ஒட்டுக்கா வெச்சு அமுக்கி, பக்கவாட்டுல லைட் அடிச்சு பாக்கணும், பட்டி சட்டத்தோட முழு அகலத்துலயும் படியணும், ஒரு ஓரத்துல மட்டும் தொட்டு இன்னொரு ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் தேய்க்கணும். இந்த வேலைய பொறுமையா பண்ணவங்களுக்கு பலகை ஒட்டுறது பாதி முடிஞ்ச கணக்கு.

அப்பறம் பட்டி. கப்பல் நடுவுல உடம்போட சுத்தளவு எச்சு, மூக்குல கம்மி, ஆனா நடுவுல எத்தனை பட்டியோ ஏறக்குறைய அத்தனையும் மூக்குக்கு வந்து சேரணும், அப்ப ஒவ்வொரு பட்டியையும் முனைப் பக்கம் ஒல்லியாக்கணும். எவ்வளவு ஒல்லின்னு கண்டுபிடிக்க ஒரு பேப்பர் துண்டை அந்த சட்டத்து மேல சுத்தி அளந்து, பட்டி எண்ணிக்கையால வகுத்தா வர்றது தான் அந்த எடத்துல பட்டியோட அகலம், அவ்வளவுதான் கணக்கு. பட்டியை தட்டையா வளைக்கலாம், வெந்நீர்ல ஊறவெச்சோ இல்ல முடிய நேராக்குற அயர்ன் பாக்ஸ் மாதிரி சூட்டுலயோ வளைஞ்சுரும், ஆனா பக்கவாட்டுல வளைக்க பாத்தா ஒரு ஓரம் தூக்கிக்கும், அதை எந்த பசையும் பிடிச்சு வெக்காது. பின்பக்கம் இதுக்கு நேர் எதிர், அங்க எடம் விரியும், நடுவுல முக்கோணமா ஒரு துண்டு சேக்கணும், அதுக்கு ஸ்டீலர்னு பேரு.

இப்ப ஆப்ஷனுக்கு வரலாம்.

மொதல்ல ஆன்லைன்ல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு வர்ற பேர் தெரியாத பெட்டி. இது மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல, லீவுல பத்தாவது படிக்கற பையனுக்கு ஒரு வாரம் கை பழக எடுத்து குடுக்கலாம். ஆனா நுணுக்கமான மாடல்னு மனசுல வெச்சுட்டு எடுத்தா ஏமாத்தம் தான், ஏன்னா இதுல சட்டம் ரொம்ப கம்மியா இருக்கும், ஒரு சட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அகலமா எடைவெளி, அந்த எடைவெளில பட்டி உள்வாங்கி கப்பல் உடம்பு மேடும் பள்ளமுமா வரும். பிளான்னு பாத்தா ரெண்டு பக்க படம், அளவே இருக்காது. பல பெட்டி வேற கம்பெனி டிசைனை அப்படியே காப்பி அடிச்சது வேற, அந்த டிசைனுக்காக ஆவணக்காப்பகத்துல உக்காந்து பிளான் வரைஞ்சவருக்கு அதுல ஒத்தை பைசா போகாது, அது தெரிஞ்சப்பறமும் எனக்கு அதை வாங்க மனசு வராது.

விக்டரி. 1765ல சாத்தம்ல கட்டி எறக்குன கப்பல், 1805ல டிரஃபால்கர் கடற்சண்டைல பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இதுல தான் இருந்தாரு, இன்னைக்கும் போர்ட்ஸ்மவுத்ல உலர் துறைல நிக்குது, நேர்ல போய் பாக்கலாம். இதுக்கு கிட் விக்காத பெரிய கம்பெனி கம்மி, இங்கிலாந்து கால்டர்கிராஃப்ட்ல வர்ற 1:72 கிட் ரொம்ப நல்ல பேர் எடுத்தது. முடிச்சா ஒரு மீட்டருக்கு மேல நீளம் வரும், உயரமும் அதுக்கு தகுந்த மாதிரி, கண்ணாடி பெட்டியோட சேத்தா நம்ம வீட்டு ஹால்ல டிவி ஸ்டாண்டுக்கு ஒதுக்குற எடத்தை மொத்தமா கேக்கும். நல்ல கிட்டா எடுத்து, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேந்தா லட்சத்தை சுலபமா தாண்டும்.

காசும் எடமும் இருக்கறவங்களுக்கு கூட இதை மொத கப்பலா நான் சொல்ல மாட்டேன். கயிறு கணக்கை மட்டும் பாருங்க. பாய்மரத்தை ரெண்டு பக்கமும் இழுத்து பிடிக்கற கயிறு ஷ்ரவுட், மாலுமி ஏற்றதுக்கு அதுக்கு குறுக்க கட்டுற படிக்கயிறு ராட்லைன். ஒரு பக்கம் ஆறு ஷ்ரவுட், இருவத்தஞ்சு ராட்லைன்னு வெச்சாலும் 150 முடிச்சு, ரெண்டு பக்கமும் 300, இது ஒரே ஒரு பாய்மரத்தோட கீழ்ப்பகுதிக்கு மட்டும் தான், மூணு மரம், அதுக்கு மேல டாப்மாஸ்ட் பகுதின்னு போனா ஆயிரத்தை தாண்டிடும். ஒவ்வொரு முடிச்சும் குளோவ் ஹிட்ச், சித்த எச்சா இழுத்துட்டா ஷ்ரவுட் ரெண்டு பக்கமும் உள்ள வாங்கி இடுப்பு சிறுத்த மாதிரி ஆயிரும், கொஞ்சம் லூசா விட்டா படி தொங்கும். பின்னால கோடு போட்ட அட்டை வெச்சு, நடு ஷ்ரவுட்ல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போனா தான் சரியா வரும். இந்த கைப்பக்குவம் மொத நூறு முடிச்சுல வராது, அதுக்கு அப்பறம் தான் வரும், அப்ப மொத நூறு முடிச்சு ஒரு சின்ன கப்பல்ல போகட்டும்னு தான் சொல்றேன். பீரங்கி வாசலும் அப்படித்தான், டெக்கோட வளைவை ஒட்டியே வரிசையா போகணும், ஒரு வாசல் ஒரு மில்லி மேல ஏறுனாலும் தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு கூட அது தான் மொதல்ல கண்ணுல படும்.

அடுத்தது நடுத்தரம், ஸ்பெயின் கம்பெனிங்க ஆக்ரே, ஆர்டிசானியா லத்தீனா, இத்தாலில டூரின் ஊர்ல இருக்கற அமாட்டி மாதிரி எடத்துல இருந்து வர்ற ஆரம்பக்கட்ட கிட். ஆக்ரேல போலாரிஸ், ஆல்பட்ராஸ், ஆர்டிசானியால ஸ்விஃப்ட்னு ஒரு பைலட் படகு, இதெல்லாம் ரெண்டு பாய்மரம் வரைக்கும் தான். ஆக்ரே தன் கிட்டுக்கெல்லாம் படிப்படியா வீடியோ போட்டு வெச்சிருக்காங்க, இது ரொம்ப பெரிய விஷயம், பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஆள் இல்லாத நம்ம ஊர்ல அந்த வீடியோ தான் வாத்தியார். படம் போட்ட புக்கும் தெளிவா இருக்கும். கொறைன்னு சொன்னா, வரலாற்று கப்பல் அளவுக்கு சரியா இருக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு சில எடத்துல உறுத்தும், அச்சுல வார்த்த உலோக சாமானும் கப்பி எல்லாமும் ஸ்கேலுக்கு சித்த பெருசா இருக்கும். வீட்ல அழகா ஒரு கப்பல் நிக்கணும், வேலை தடையில்லாம போகணும்னா இந்த வரிசைல கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

நான் ரொம்ப விரும்பி சொல்ற ஆப்ஷன் இதுக்கு அக்கட்ட இருக்குது. அமெரிக்கால மாடல் ஷிப்வேஸ்னு ஒரு கம்பெனி, அதுல டேவிட் ஆன்ட்ஷெர்ல்ங்கற மாடல் கலைஞர் டிசைன் பண்ண மூணு கிட் வரிசையா வருது. மொதல்ல லோவெல் டோரிங்கற தட்டை அடி மீன்பிடி படகு, அடுத்து நார்வே பாய்ப்படகு பிராம், மூணாவது மஸ்கோங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக், அதாவது மெயின் மாநிலத்துல சிங்கி றால் பிடிக்கப் போன ஒத்தை பாய்மர படகு. மூணும் சேந்து ஒரு பாடத்திட்டம், ஒண்ணுல கத்துக்கறது அடுத்ததுல உதவும். பிராம்ல பட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், எண்ணிக்கை ரொம்ப கம்மி, ஆனா ஒவ்வொண்ணும் சரியா உக்காரணும், அதுலயே பட்டி சரிக்கறது வளைக்கறது எல்லாம் கைக்கு வந்துரும். ஸ்மாக்ல தான் பெரிய கப்பல் மாதிரி பட்டி பக்கத்துல பக்கத்துல படிஞ்சு வரும், டெக் இருக்குது, பாய்மரம் கயிறு எல்லாம் இருக்குது, ஆனா அந்த ராட்லைன் மலை இல்ல.

இதுல பலருக்கு வர்ற தயக்கம் ஒண்ணு தான், "இவ்வளவு காசு போட்டு ஒரு மீன்பிடி படகா?" நியாயமான கேள்வி தான், ஆனா ஸ்கேலை பாருங்க. ஸ்மாக் 1:24. அந்த ஸ்கேல்ல அஞ்சரை அடி ஆள் ஏழு சென்டிமீட்டர் உயரம் இருப்பாரு, 1:100 கப்பல்ல அதே ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் தான். அப்ப பெரிய ஸ்கேல்ல ஒரு மர முளை, சுக்கான் மாட்டித் திரும்பற பிணைப்பு, துடுப்பு மாட்டுற எடம், கயிறு கட்டுற கட்டை எல்லாத்தையும் நெஜமா மரத்துல செதுக்க முடியும், கண்ணுல தெரியும். நுணுக்கம்னு நாம சொல்றது பாய்மர எண்ணிக்கைல இல்லீங்க, ஒரு சாமானை எவ்வளவு கிட்ட போய் பாத்தாலும் அது அதுவாவே இருக்கறதுல தான் இருக்குது. சின்ன ஸ்கேல் பெரிய கப்பல்ல பாதி சாமானை குறிப்பா காட்டிட்டு போக வேண்டியது தான்.

போர்க்கப்பல் தான் வேணும், பீரங்கி இல்லாம மனசு ஆறாதுன்னா அதுக்கும் வழி இருக்குது, கட்டர்னு ஒத்தை பாய்மர கடற்படை கப்பல். கால்டர்கிராஃப்ட்ல 1763 ஷெர்போர்ன், வான்கார்ட் மாடல்ஸ்ல 1777 அலர்ட், ரெண்டும் 1:64. வான்கார்ட் கம்பெனிய நடத்தற கிறிஸ் வாட்டன் முன்னாடி மத்த கம்பெனிக்கு நெறைய கிட் டிசைன் பண்ணவரு, லேசர் வெட்டு சுத்தமா இருக்கும். மேஜை மேல அடங்குற அளவு தான், ஆனா பீரங்கி, ஷ்ரவுட், அதை இழுத்து இறுக்கற துளை போட்ட கட்டையான டெட்ஐ, ராட்லைன்னு பெரிய போர்க்கப்பல்ல இருக்கற அத்தனை வேலையும் ஒவ்வொரு சிட்டிகை இருக்கும். எச்சரிக்கை ஒண்ணு, கட்டரோட மூக்கு உருண்டையா மழுங்கி இருக்கும், அங்க பட்டி ரொம்ப குறுகலா திரும்பணும், ஸ்மாக்கை விட, ரெண்டு பாய்மர ஸ்கூனரை விட கஷ்டம். கைல மர வேலை பழக்கம் ஏற்கனவே இருக்கறவங்க நேரா கட்டர்ல ஆரம்பிக்கலாம், இல்லாதவங்க ஒரு சின்ன படகை முடிச்சுட்டு வந்தா சந்தோஷமா பண்ணலாம்.

நடுவுல இன்னொரு கேள்வி வரும், ஒத்தை அடுக்கு பலகையா ரெட்டை அடுக்கா. ஐரோப்பா கிட் பலதுல மொத அடுக்கு லைம் மாதிரி மெத்தென்ற மரம், அதுக்கு மேல அரை மில்லி சொச்சத்துல வால்நட் மாதிரி மெல்லிசு அடுக்கு. மொத அடுக்குல மேடு பள்ளம் இருந்தா உட் ஃபில்லர் வெச்சு தேய்ச்சு சரி பண்ணிக்கலாம், வெளிய தெரியறது ரெண்டாவது அடுக்கு தான், அதனால புதுசா வர்றவங்களுக்கு இது தெம்பு. அமெரிக்கா கிட்ல பாஸ்வுட் ஒத்தை அடுக்கு தான் எச்சு, வேலை பாதி, ஆனா நீங்க ஒட்டுனது தான் வெளிய தெரியும், பெயின்ட் அடிக்கற கப்பலா இருந்தா இந்த கவலை போயிரும். பாஸ்வுட் நல்லா வளையும், வால்நட் முறுக்குனா நார் பிரியும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கடைசி ஆப்ஷன், கிட்டே வேண்டாம், பிளான் மட்டும் எடுத்து மரம் நம்ம ஊர்ல வாங்கி அடிக்கறது. இங்கிலாந்துல கிரீனிச் அருங்காட்சியகத்துல பழைய கடற்படை கப்பலோட பிளான் ஆயிரக்கணக்குல இருக்குது, பிரதி வாங்கலாம். இதை சொன்னதும் நம்மாளுங்க கேக்கறது தேக்கு. கேக்கறதுக்கு காரணமும் இருக்குது, பம்பாய்ல வாடியா குடும்பத்து கப்பல் கட்டுறவங்க மலபார் தேக்குல கட்டி 1817ல எறக்குன ஹெச்எம்எஸ் டிரிங்கோமலி இன்னைக்கும் இங்கிலாந்து ஹார்ட்டில்பூல்ல மிதக்குது. நம்ம ஆனைமலை தேக்கும் 19ம் நூற்றாண்டு நடுவுல பம்பாய் கப்பல் துறைக்கு போயிருக்குது, டாப்ஸ்லிப்னு பேர் வந்ததே மலை மேல இருந்து மரத்தை சறுக்கி விட்டதால தான். அப்படிப்பட்ட மரத்துல மாடல் செய்யணும்ங்கற ஆசை எனக்கு நல்லா புரியுது.

ஆனா நெஜ கப்பலுக்கு ராஜாவா இருக்கற தேக்கு மாடலுக்கு ஒத்து வராதுங்க. அதோட நரம்பு பெருசு, துளை பெருசு, 1:64ல பாத்தா ஒரு பலகைல வாய்க்கால் வெட்டுன மாதிரி தெரியும், எண்ணெய் பசை இருக்கறதால ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் இல்ல அசிட்டோன் போட்டு தொடைக்கணும். மாடலுக்கு வேணும்கறது நரம்பே தெரியாத நெருக்கமான மரம். நம்ம பக்கம் மஞ்சக்கடம்பு கெடைச்சா விடாதீங்க, பழைய மில்லுல நூல் சுத்துற பாபின் இந்த மரத்துல தான் கடைஞ்சாங்க, மெல்லிசா சீவுனாலும் ஓரம் உடையாம நிக்கும், நெறமும் இளமஞ்சளா கப்பலுக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்கும். வெப்பாலை நம்ம காட்டு வேலியிலேயே நிக்கற மரம், சன்னபட்னா பொம்மை கடையறது இதுல தான், வெள்ளையா வழவழன்னு இருக்கும், கப்பி, பீரங்கி வண்டி, டெக் பட்டிக்கெல்லாம் அருமை. ரெண்டுமே நல்லா காஞ்ச கட்டையா பாத்து வாங்கணும், பச்சை கட்டைய சீவுனா முறுக்கிக்கும்.

மெல்லிசா சீவறது எங்கன்னு கேட்டா, கோயமுத்தூர்ல ஃபவுண்டரிக்கு மரத்துல பேட்டர்ன் அடிக்கற பட்டறை இருக்குதுல்ல, பீளமேடு கணபதி பக்கம் விசாரிங்க. அவங்க அரை மில்லி பிசகுனா வார்ப்பே போச்சுன்னு வேலை பாக்கறவங்க, உங்க ரெண்டு மில்லி பட்டி அவங்களுக்கு விளையாட்டு, கட்டையும் அளவும் குடுத்து சொன்னா புரிஞ்சுக்குவாங்க. இருந்தாலும் மொத கப்பலை மொத்தமா இப்படி அடிக்க சொல்ல மாட்டேன், ஏன்னா சட்டம் ஒவ்வொண்ணும் சரியான உருவத்துல வரணும்னா பிளான் படிக்கத் தெரியணும், அது ஒரு கப்பலை கிட்ல முடிச்சப்பறம் தானா வந்துரும். கிட் எடுத்து, அதுல இருக்கற பட்டிய மட்டும் ஓரமா வெச்சுட்டு மஞ்சக்கடம்புல பலகை அடிக்கறது தான் எனக்கு தெரிஞ்சு நம்ம ஊருக்கு ரொம்ப பொருத்தமான வழி.

நூலும் அதே கதை. பெட்டில வர்ற பருத்தி நூல் பலதுல பஞ்சு தூக்கிட்டு நிக்கும், இந்த ஸ்கேல்ல அது கயிறு மேல முள்ளு மொளைச்ச மாதிரி தெரியும். திருப்பூர்ல, ஈரோட்டுல தையல் நூல் கடைக்கு போனா பாலியஸ்டர்லயும் மெர்சரைஸ்டு பருத்திலயும் எந்த கனம் வேணும் எந்த கலர் வேணும்னு கேக்கற அளவுக்கு இருக்குது. நிலைக்கயிறு, அதாவது பாய்மரத்தை பிடிச்சு நிக்கற கயிறு எல்லாம் தார் பூசுனது, அதுக்கு கறுப்பு கலந்த பழுப்பு, பாயை ஏத்தி எறக்கற ஓடுகயிறு சணல் நெறம், இந்த ரெண்டு நெறம் போதும். தேன்மெழுகுல ஒரு இழுப்பு இழுத்து விட்டா மிச்ச பஞ்சும் படிஞ்சுரும். பருத்தி நூலுக்கு ஒரு குணம் இருக்குது, காத்துல ஈரம் ஏறுனா ஒரு மாதிரி, எறங்குனா ஒரு மாதிரி இழுத்துக்கும், பாலக்காட்டு கணவாய் வழியா ஆடிக்காத்து ஈரத்தோட வர்ற கோயமுத்தூர், பொள்ளாச்சி பக்கம் பாலியஸ்டர் தான் நிம்மதி.

கருவிக்கு வெளிநாட்டு மாடல் கடைல ஆர்டர் போட வேண்டிய அவசியமே இல்ல. கோயமுத்தூர் தங்கப் பட்டறை ஊரு, ராஜ வீதி, வைசியாள் வீதி பக்கம் பட்டறைக்காரங்க சாமான் வாங்குற கடைல ஊசி அரம், கூர் முனை சாமணம், அரை மில்லி டிரில், அதை பிடிக்கற கைப்பிடி எல்லாம் இருக்குது, தரமும் மேல. துணி காயப்போடற கிளிப், ஸ்டீல் ஸ்கேல், கத்தி, வெள்ளை ஃபெவிகால் வீட்லயே இருக்கும். ஃபெவிக்விக் அவசரத்துக்கு ஒரு சொட்டு வெச்சுக்கலாம், ஆனா மரத்துல வழிஞ்சா அந்த எடத்துல வார்னிஷ் ஏறாது, வெளிப் பலகைக்கு ஃபெவிகால் தான்.

சுங்கத்தை பத்தி. பொம்மையும் மாடல் கிட்டும் சுங்கத்துல ஒரே தலைப்புல வருது, 2020 பட்ஜெட்ல பொம்மை வரி 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு, அதனால வெளிநாட்டு கடைல தெரியற விலைய வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஆர்டர் போடற அன்னைக்கு என்ன ரேட்னு பாத்து, கப்பல் கூலியோட மொத்தத்துக்கும் கணக்கு போடுங்க. பெட்டி பெருசானா கூலி ஏறும், வரி அதுக்கு மேலயும் ஏறும், சின்ன கப்பல் பக்கம் நான் சாய்றதுக்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டுல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க யாராவது இருந்தா ஸ்மாக் பெட்டி சூட்கேஸ்லயே அடங்கும்.

அப்ப யாருக்கு எது? கை புதுசு, பொறுமையும் ஆர்வமும் இருக்குது, நுணுக்கம் வேணும்னா டோரில இருந்து ஸ்மாக் வரைக்கும் அந்த வரிசை. அந்த ஈரோட்டு அக்காவுக்கு நான் இதைத்தான் சொன்னேன். வீடியோ பாத்து பண்ணத்தான் சௌகரியம், ஹால்ல கப்பல்னு சொல்ற மாதிரி ஒண்ணு நிக்கணும்னா ஆக்ரே, ஆர்டிசானியால ரெண்டு பாய்மரத்துக்குள்ள ஒண்ணு. லேத்துலயோ மரப் பட்டறைலயோ வருஷக்கணக்கா நின்ன கையா இருந்தா, அந்த பம்ப் கம்பெனி அண்ணன் மாதிரி, நேரா ஷெர்போர்னோ அலர்ட்டோ, பட்டி மட்டும் நம்ம ஊர் மரத்துல. விக்டரி ஆசைய யாரும் விட வேண்டாம், கட்டர்ல டெட்ஐயும் ராட்லைனும் கைக்கு வந்தப்பறம் விக்டரில புதுசுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது, அதே வேலை பல மடங்கு, அவ்வளவுதான், அப்ப எடுத்தா முடிப்பீங்க.

பெட்டி வந்ததும் மொத வேலை, பார்ட்ஸ் லிஸ்டை வெச்சு ஒவ்வொண்ணா எண்ணி சரிபாருங்க, எதாவது கொறைஞ்சா போட்டோ எடுத்து கம்பெனிக்கு உடனே எழுதுங்க, நல்ல கம்பெனிங்க அனுப்பி வெப்பாங்க, பல மாசம் கழிச்சு கேட்டா அந்த பேட்ச் தீந்திருக்கும். பிளான் முழு அளவுல இருக்குதான்னு ஸ்கேல் வெச்சு பாருங்க, அதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை சுருட்டி வெச்சுருங்க, ஜெராக்ஸ் மெஷின் சில சமயம் ஒரு பக்கம் இழுத்துரும், அதனால ஜெராக்ஸையும் ஒரு தடவை அளந்து பாருங்க. பட்டி கட்டை பிளாஸ்டிக்ல இருந்து பிரிச்சு, நீங்க வேலை செய்யப்போற ரூம்லயே ஒரு ரெண்டு வாரம் காத்தாட விடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது சுருங்கறது ஒட்டறதுக்கு முன்னாடியே சுருங்கட்டும், ஒட்டுனப்பறம் சுருங்குனா பட்டிக்கு பட்டி கோடு விழும். கரையானும் மரம் தொளைக்கற வண்டும் இந்த மெத்தென்ற மரத்தை ரொம்ப விரும்பும், தரைல சுவரை ஒட்டி வெக்காம மேஜை மேல வெச்சுக்கோங்க. அந்த ரெண்டு வாரத்துல வீணாப்போன பட்டித் துண்டு ஒண்ணை வெந்நீர்ல போட்டு எவ்வளவு நேரத்துல எவ்வளவு வளையுதுன்னு பாத்து வெச்சுட்டா, கீல்ல மொத சட்டத்தை ஒட்ட நீங்க தயார்.